சாராயத்தை எடுத்தால் காவலும் போகிறது: பழ ஊறல் குறிப்புகளை எடையில் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'மது சேர்க்காத பழ லிகியூர்' என்ற சமையல் குறிப்பு வந்திருந்தது. ஒரு கிலோ நாவல் பழம், இரண்டு டம்ளர் சீனி, ஒரு லிட்டர் தண்ணீர், நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி, வெயில் விழும் சன்னலோரம் மூன்று வாரம் வைத்து வடிகட்ட வேண்டும், குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. இந்தக் குறிப்பை அப்படியே செய்தால் கிடைப்பது சர்பத் அல்ல, புளித்த மது. ஜாடியே வெடிக்கவும் கூடும். செட்டிநாட்டில் நாவல் பழம் கூடை கூடையாக வரும் பருவம் இது. பல வீடுகளில் ஜாடி ஏற்கெனவே சன்னலுக்குப் போயிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிழை எங்கே நேர்ந்தது என்பது குறிப்பைப் படித்தவுடன் தெரிகிறது. வெளிநாட்டு லிகியூர் குறிப்பு ஒன்றில் ஓட்கா இருந்த இடத்தில் தண்ணீரை வைத்து, மற்றதையெல்லாம் அப்படியே விட்டிருக்கிறார்கள். லிகியூர் என்பது, பழத்தையோ பழத்தோலையோ 40 சதவீத ஆல்கஹால் கொண்ட மதுவில் வாரக்கணக்கில் ஊறவைத்து, வடித்து, சீனி சேர்ப்பது. அங்கே ஆல்கஹாலுக்கு இரண்டு வேலை. தண்ணீரில் கரையாத மண எண்ணெயைத் தோலிலிருந்து இழுப்பது ஒன்று. பழத்தின் மேலிருக்கும் ஈஸ்டும் பூஞ்சையும் வளராமல் தடுப்பது இன்னொன்று. ஒரு கிலோ பழத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது வெளியே வந்து கலந்த பிறகும், ஒரு லிட்டர் ஓட்காவில் ஊறிய பழ ஜாடியில் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆல்கஹால் நிற்கும். அதில் எதுவும் புளிக்காது. அந்த ஒரே காரணத்தால்தான் அவர்கள் மூன்று வாரம் அறைச் சூட்டில் கவலையின்றி வைக்கிறார்கள்.

அங்கே சீனி சுவைக்கு மட்டுமே. லிகியூர் என்று பெயரிட்டு விற்க ஐரோப்பிய ஒன்றியம் கேட்பது குறைந்தது 15 சதவீத ஆல்கஹாலும், லிட்டருக்கு 100 கிராம் சீனியும். பிளாக்கரண்ட் என்ற கறுப்புச் சிறுபழத்தில் செய்யும் மிக இனிப்பான 'க்ரெம் த காசிஸ்'கூட லிட்டருக்கு 400 கிராமில் தொடங்குகிறது. ஆல்கஹாலே இல்லாமல் சீனியை மட்டும் நம்பி ஒரு பழச்சாறு அறைச் சூட்டில் நிற்க வேண்டுமானால், லிட்டருக்கு ஏறக்குறைய 900 கிராம் சீனி வேண்டும். இந்த இடைவெளியைத்தான் அந்தக் குறிப்பு கவனிக்கவில்லை.

அதன் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 200 மில்லி டம்ளரில் சீனி தலைதட்டி 170 முதல் 180 கிராம் பிடிக்கும். இரண்டு டம்ளர் என்றால் 350 கிராம். நாவல் பழத்தின் இயற்கைச் சர்க்கரை நூறு கிராமுக்குச் சற்று மேல். மொத்தம் இரண்டேகால் கிலோவுக்கு மேற்பட்ட கலவையில் சர்க்கரை சுமார் 20 சதவீதம். ஈஸ்ட்டுக்கு இதைவிட வசதியான விருந்து கிடையாது. பழத்தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது, கழுவினாலும் முழுதாகப் போகாது. காரைக்குடிப் பக்கத்து வெயிலில் இரண்டு மூன்று நாளில் குமிழி கிளம்பிவிடும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை முறிந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். அந்த ஜாடியில் உள்ள சர்க்கரையில் பாதி முறிந்தாலே 6 சதவீதம் வந்துவிடும், அதாவது பியர் அளவு. கூடவே உண்டாகும் கரியமில வாயுவுக்கு இறுக மூடிய ஜாடியில் போக வழியில்லை. கண்ணாடி சிதறுவது அதனால்தான். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது என்பதையும் குறிப்பு எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்துவிடலாமே" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மருந்துக்கடையில் புண் துடைக்க விற்பதும், கை கழுவும் சானிடைசரும், வார்னிஷ் கலக்கும் ஸ்பிரிட்டும் குடிக்கத் தகாதவை. அவற்றில் மெத்தனாலோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ கலந்திருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். பழம் ஊறவைத்தாலும், வடிகட்டினாலும், சீனி சேர்த்தாலும் மெத்தனால் போகாது. மணத்தாலும் சுவையாலும் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சாராயத்தின் காவல் இல்லாத இடத்தில் மூன்று காவல்கள் சேர்ந்து நிற்க வேண்டும்: போதிய சீனி, போதிய புளிப்பு, போதிய சூடு. எதையும் டம்ளரால் அளக்காமல் தராசால் அளக்க வேண்டும். 'சாறு ஒரு பங்கு, சீனி இரண்டு பங்கு' என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு எடையில் சரி. அதையே டம்ளரிலோ உழக்கிலோ அளந்தால் 200 மில்லி சாறுக்கு 350 கிராம் சீனி என்று நின்றுவிடும். சாற்றின் சொந்தச் சர்க்கரையைச் சேர்க்காமல் பார்த்தால், அது கெடாமல் நிற்கத் தேவையான 65 சதவீதத்தைத் தொடாது. குமித்து அளந்தால் கூடும், தலைதட்டினால் குறையும். ஒரே வீட்டில் ஒரு வருடம் சர்பத் ஆறு மாதம் நிற்பதும், அடுத்த வருடம் ஒரே மாதத்தில் பொங்குவதும் இதனால்தான். பெரும்பாலும் பழி ஈரக் கரண்டி மேல் விழுகிறது, அளவை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் பழ சர்பத்துக்குக் கரைந்த திடப்பொருள் 65 சதவீதமும், பழச்சாறு 25 சதவீதமும் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. ஸ்குவாஷுக்கு 40 சதவீதம் போதும். அதனால்தான் ஸ்குவாஷ் பதப்படுத்தும் மருந்து இல்லாமல் வெளியில் நிற்காது.

அச்சில் வந்த நாவல் பழத்தையே சரியாகச் செய்யும் முறை இது. நன்கு கறுத்துக் கனிந்த, வெடிக்காத பழம் ஒரு கிலோ. கழுவி, நீர் வடிந்ததும் எவர்சில்வர் சட்டியில் போட்டு 100 மில்லி தண்ணீர் தெளித்துக் கையால் பிசையுங்கள். மிக்சியில் போடக் கூடாது, கொட்டை உடைந்தால் கசப்பும் துவர்ப்பும் ஏறிவிடும். நிறம் சதையில் குறைவு, தோலில்தான் அதிகம். அதை இளக்கச் சாராயம் தேவையில்லை, சூடே போதும். இளந்தீயில் 70 டிகிரி வரை சூடாக்கி, ஏழெட்டு நிமிடம் அதே சூட்டில் கிளறிக்கொண்டிருந்தால் சாறு கருநீலமாக இறங்கும். கொதிக்கவிட்டால் பழ மணம் போய்ப் புளிக்குழம்பு வாடை வரும். மெல்லிய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடியுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் சாறு கலங்கும், பாட்டிலில் வண்டல் தங்கும்.

வடிந்த சாற்றை எடை போட்டு, 500 கிராம் சாறுக்கு 850 கிராம் சீனியும் 8 கிராம் சிட்ரிக் அமிலமும் சேருங்கள். சாற்றின் சொந்தச் சர்க்கரையையும் சேர்த்தால் இது 67 சதவீதம் வரும். எலுமிச்சைச் சாறு பிழிந்து அந்தப் புளிப்பைக் கொண்டுவர 130 மில்லி வேண்டியிருக்கும். அவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் சீனிக் கணக்கு உடைந்துவிடும், ஆகவே இங்கே சிட்ரிக் அமிலமே மேல். சீனி கரைந்ததும் 85 டிகிரிக்கு ஏற்றுங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் சட்டியின் ஓரத்தில் சிறு குமிழ்கள் நடுங்கி, நடுவில் ஆவி எழும் நேரத்தைக் கவனித்தால் போதும். கொதி வருவதற்குச் சற்று முன் நிலை அது. கம்பிப் பதம் வரை காய்ச்சவே கூடாது. விரலில் பிசுக்கென்று ஒட்டினால் போதுமானது. கம்பிப் பதம் தாண்டினால் பாட்டிலின் அடியில் கற்கண்டு பூத்துவிடும்.

பாட்டில் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். கண்ணாடி பாட்டிலைக் கழுவி, தண்ணீரில் போட்டு 20 நிமிடம் கொதிக்கவைத்து, கவிழ்த்து ஈரம் உலர்த்தி, சூடு ஆறுமுன் சூடான சர்பத்தை ஊற்ற வேண்டும். ஆறிய பாட்டிலில் கொதிச் சர்பத்தை ஊற்றினால் விரிசல் விடும். குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில் இந்தச் சூட்டில் குழைந்து போகும், அதைத் தொடவே வேண்டாம். வாய்க்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்தி, மூடி, மூன்று நிமிடம் கவிழ்த்து வையுங்கள். மூடியின் உட்புறமும் சூட்டில் சுத்தமாகும்.

பாட்டில் முழுக்க ஆறிய பிறகு ஒரு முறை நன்றாகக் குலுக்குவதும் அவசியம். சூடாக மூடிய பாட்டிலில் ஆவி குளிர்ந்து துளியாகி மேல்மட்டத்தில் விழும். அங்கே மட்டும் ஒரு மெல்லிய அடுக்குக்குச் சீனி குறைந்திருக்கும். 'கீழே நன்றாகத்தான் இருக்கிறது, மேலே மட்டும் பூஞ்சை பூத்துவிட்டது' என்று சொல்வார்களே, அது இந்த அடுக்கில் பூப்பதுதான். பூஞ்சையை வழித்துவிட்டு மீதியைக் குடிக்கும் பழக்கமும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது அதன் தலை மட்டுமே.

அழகுக்காகப் பழத்துண்டுகளைப் பாட்டிலுக்குள் மிதக்கவிடுவது இப்போது பரவியிருக்கிறது. சாராயத்தில் அது சரிப்படும், ஏனென்றால் துண்டின் உள்ளேயும் ஆல்கஹால் புகுந்துவிடும். சீனிப்பாகில் சரிப்படாது. துண்டுக்குள் இருக்கும் தண்ணீர் நாள்கணக்கில் கசிந்து சுற்றியிருக்கும் பாகை நீர்க்கச் செய்யும், மேலே எழும்பி நிற்கும் முனையில் பூஞ்சை பிடிக்கும். துண்டு வேண்டுமென்றால் பரிமாறும்போது போட்டுக்கொள்ளலாம்.

லிகியூரின் மண அழகுக்குப் பக்கத்தில் வரக்கூடியது எலுமிச்சை. இத்தாலியின் தென்பகுதியில் லிமோன்செல்லோ செய்ய எலுமிச்சைத் தோலைச் சாராயத்தில் ஊறவைப்பார்கள். நாம் சீனியில் ஊறவைக்கலாம், எண்ணெயை உறிஞ்சச் சீனியும் வல்லதுதான். காயம் படாத, மெழுகு பூசாத எலுமிச்சை 25 எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கம் வரும் புளியங்குடிக் காய் இதற்கு நன்றாக அமையும். பன்னிரண்டு பழத்தின் மேல்தோலை மட்டும் மெலிதாகச் சீவுங்கள். வெள்ளைப் பகுதி கொஞ்சமும் ஒட்டக் கூடாது, கசப்பு முழுக்க அதில்தான். ஒரு கிலோ சீனியில் அந்தத் தோலைப் போட்டு விரலால் அழுத்தித் தேய்த்து, மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் சீனி ஈரமாகி மஞ்சள் தட்டியிருக்கும். ஒரு நாளைத் தாண்டவிட்டால் தோலின் கசப்பும் இறங்கத் தொடங்கும். பிறகு விதை நசுங்காமல் பிழிந்த சாறு 550 மில்லி அதில் ஊற்றி, கரையும் வரை அவ்வப்போது கிளறி வடியுங்கள். அடுப்பே வேண்டாம். காய்ச்சினால் எலுமிச்சை மணம் முதலில் போய்விடும். சீனியும் புளிப்பும் இங்கே வலுவாக இருந்தாலும் சூடு என்ற காவல் இல்லை, அதனால் இது குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கு நாவல் முறையே போதும். திராட்சை இயல்பிலேயே இனிப்பானது என்பதால் 500 கிராம் சாறுக்கு 800 கிராம் சீனி சரியாக இருக்கும், சிட்ரிக் அமிலம் 5 கிராம். குளிர்பெட்டியில் சில நாள் கழித்து அடியில் கண்ணாடித் தூள் போலப் படிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது திராட்சைக்கே உரிய டார்டாரிக் உப்பு. மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

நன்னாரி பழமல்ல என்றாலும், கோடையில் இங்கே அதிகம் செய்வது அதுதான் என்பதால் ஒரு வார்த்தை. வேரைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுவதால் வீடெல்லாம் மணக்கும். அந்த மணம் பாட்டிலுக்குப் போயிருக்க வேண்டியது. நடுத்தண்டை நீக்கிய வேர்ப்பட்டை 100 கிராமை இடித்து, ஒரு லிட்டர் கொதிநீரை அதன்மேல் ஊற்றி, இறுக மூடி இரவெல்லாம் விட்டுவிட வேண்டும். வடித்த நீர் ஒரு கிலோவுக்குச் சீனி இரண்டு கிலோ, சிட்ரிக் அமிலம் 5 கிராம். இங்கே புளிப்பு சுவைக்கு மட்டுமல்ல, சீனியில் ஒரு பங்கை உடைத்துப் பாகு திரும்பக் கற்கண்டாவதைத் தடுக்கவும்தான். சீனிக்குப் பதில் கருப்பட்டி போடுபவர்கள் அதில் ஈரமும் மண்ணும் ஈஸ்டும் சேர்ந்தே வருகிறது என்பதை மனத்தில் வைத்து, தனியே பாகு காய்ச்சி வடிகட்டிச் சேர்க்க வேண்டும். சுவை அருமையாக இருக்கும், ஆனால் அது அறைச் சூட்டில் நிற்கும் சரக்கல்ல.

பாத்திரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அலுமினியமும், ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புச் சாறுக்கு ஆகாது. இரும்புச் சட்டியில் நாவல் சாறு மை போலக் கறுத்துவிடும். எனாமல் சட்டி நல்லது, பூச்சு பெயராமல் இருந்தால். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருளாக விற்கும் வண்ணப்பூச்சு ஜாடிகளையும் கனத்த வெட்டுக் கண்ணாடிக் குடுவைகளையும் வாங்கி, அழகாக இருக்கிறதென்று சர்பத் ஊற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பளபளப்புப் பூச்சிலும் கனத்த படிகக் கண்ணாடியிலும் காரீயம் இருக்க வாய்ப்புண்டு. புளிப்புச் சாறு மாதக்கணக்கில் நின்றால் அதைக் கரைத்து எடுக்கும். அவை முகப்பில் இருக்கட்டும்.

பலகாரக் கடைகளுக்குச் செய்து தருபவர்கள் பதப்படுத்தும் மருந்தைக் கண்ணளவில் போடுவது எனக்குப் பெரிய கவலை. எலுமிச்சை, அன்னாசி போன்ற வெளிர்நிறச் சாற்றுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். ஒரு கிலோவுக்கு 0.6 கிராம் போட்டால் கந்தக டை ஆக்சைடு விதி அனுமதிக்கும் 350 பி.பி.எம்.மை (கிலோவுக்கு 350 மில்லிகிராம்) ஒட்டி வந்துவிடும், அதற்கு மேல் கூடாது. வீட்டுத் தராசு 0.6 கிராமைக் காட்டாது. ஆகவே 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லியாக்கி, ஊசி போடும் சிரிஞ்சால் 6 மில்லி எடுத்தால் கணக்குச் சரி. ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், சூட்டில் வாயுவாகப் பறந்துவிடும். நாவல், திராட்சை போன்ற அடர்நிறச் சாற்றில் இது நிறத்தை வெளுத்துவிடும். அங்கே சோடியம் பென்சோயேட், கிலோவுக்கு 0.7 கிராம் உச்சம், தனியே நீரில் கரைத்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சல்பைட் மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும் என்பதால் சேர்த்திருப்பதைப் பாட்டிலின் மேல் எழுதியே ஆக வேண்டும். விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் கட்டாயம். வீட்டுக்கு மட்டும் செய்பவர்கள் 67 சதவீதச் சீனியில் நின்றால் இந்த மருந்து எதுவுமே தேவையில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இவ்வளவே. அந்தக் குறிப்புக்குத் திருத்தம் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, குறிப்பு வந்த அதே இடத்தில் வரட்டும். இனி வரும் ஊறல், சர்பத், ஸ்குவாஷ் குறிப்புகளில் சீனியும் சாறும் கிராமில் இருக்கட்டும். அறைச் சூட்டில் எத்தனை நாள், குளிர்பெட்டியில் எத்தனை நாள் என்ற ஒரு வரியும் சேரட்டும். மதுக் குறிப்பிலிருந்து மதுவை நீக்கி அச்சிடும்போது, அதன் இடத்தில் எது காவல் நிற்கிறது என்று எழுதியவரிடம் கேட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஜாடி போட்டுவிட்டவர்களுக்கும் அந்தத் திருத்தத்தில் வழி சொல்ல வேண்டும். போட்டு ஒரு நாள்கூட ஆகாமல், குமிழியும் புளித்த வாடையும் இல்லாமல் இருந்தால் காப்பாற்றலாம். உடனே வடிகட்டி, நீர்த்துப்போன சாற்றைத் திறந்த சட்டியில் பாதியாகச் சுண்டவிட்டு, எடை போட்டு, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ சீனியும் 15 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்த்து, 85 டிகிரிக்கு ஏற்றிப் பாட்டிலில் அடைக்கலாம். மணம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கெடாது. குமிழி வந்துவிட்ட ஜாடி என்றால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கனத்த துணியால் முழுக்கப் போர்த்தி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வாயுவை விட்ட பிறகு உள்ளே இருப்பதைத் தோட்டத்துக் குழியில் கொட்டிவிடச் சொல்லுங்கள். மூடி திருகவே வராத அளவுக்குப் புடைத்திருந்தால் யாரும் திறக்க வேண்டாம். ஆணியால் துளை இடவும் வேண்டாம். கனத்த துணியால் முழுக்கப் போர்த்தி, யாரும் பக்கத்தில் போகாமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கானாடுகாத்தான்